மணிக்கயிறு அசைந்தது, யாரும் பயப்படவில்லை: திகில் காட்சியில் கேமராவை எங்கே வைத்திருக்க வேண்டும்?

நான்காம் மாடி, யாங்கோன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவிலுள்ள தமிழ் நூலகத்துக்கு வந்து போகும் ஆறு பேர் சேர்ந்து, பொங்கல் விழாவில் திரையிடுவதற்காக 11 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்திருக்கிறோம். திகில் கதைதான். சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டாரும் அண்டை வீட்டாருமாக 14 பேருக்குப் போட்டுக் காட்டினோம். இறுதியில் ஒரே ஓர் இடத்தில் எல்லோரும் திடுக்கிட்டார்கள்; அதற்கு முந்தைய 10 நிமிடமும் முறுக்குத் தின்றுகொண்டும் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டும் பார்த்தார்கள். எங்கள் உழைப்பு முழுவதும் அந்த 10 நிமிடத்தில்தான் இருக்கிறது என்பதால், எங்கே தவறினோம் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு உறக்கம் வரவில்லை.

கதை நடக்கும் இடம் நான் வசிக்கும் வீடு. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் நான்காம் மாடி, 12.5 அடி அகலம், 50 அடி நீளம், முன்னால் பால்கனி, பின்னால் அடுப்படி, நடுவில் ரயில்பெட்டி போல நீண்டு கிடக்கும் கூடம். யாங்கோனுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே மாடி வீடுகளின் பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். அதன் கீழ்முனையில் ஒரு கிளிப்பும் மேல்முனையில் ஒரு சிறு மணியும் கட்டியிருக்கும். செய்தித்தாள் போடுபவர் தாளைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை அசைத்தால் மேலே மணி அடிக்கும். நாங்கள் கயிற்றை இழுத்து எடுத்துக்கொள்வோம். வீட்டு ஆள் வந்து அசைத்தால், தெருக்கதவின் சாவியைக் கிளிப்பில் மாட்டிக் கீழே இறக்குவோம்.

எங்கள் கதையில் ஒரு பெண் இரவில் தனியாக இருக்கிறாள்; அண்ணன் வேலைக்குப் போயிருக்கிறான். பகலில் வாடகைக்கு வீடு தேடுவதாகச் சொல்லி வந்த ஓர் அந்நியன், வீட்டில் எத்தனை பேர் என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறான். இரவு மின்வெட்டு வருகிறது. மணி அடிக்கிறது. அவள் எட்டிப் பார்க்கிறாள். கீழே தேநீர்க்கடையின் தார்ப்பாய் மறைப்பதால் நிற்பவர் தெரியவில்லை. அண்ணன்தான் என்று நினைத்துச் சாவியை இறக்குகிறாள். பிறகு படிக்கட்டில் ஏறும் கால்கள், சுவரில் நிழல், கைவிளக்கின் ஒளி, கடைசியில் வாசலின் இரும்புக் கம்பிக் கதவுக்கு அப்பால் அந்த அந்நியனின் முகம்.

படிக்கட்டுக் காட்சிகளைத் தரையோடு தரையாகக் கீழ்க்கோணத்தில் எடுத்தோம். கேமராவைச் சாய்த்து வைத்து எடுத்தவை மட்டும் 19 ஷாட்டுகள். நிழலும் உண்டு, க்ளோசப்பும் உண்டு. திகில் படங்களில் பார்த்ததை எல்லாம் செய்தும் ஏன் பயம் வரவில்லை? மறுபடி எடுக்க எங்களுக்கு ஒரு வாரம் இருக்கிறது. கையில் இருப்பவை ஒரு கைப்பேசியும் ஒரு முக்காலியும்தான்.

தட்டோன் ஒளிப்பதிவாளர்

தங்கைக்கு வணக்கம். 30 ஆண்டுகளாகத் திருமணங்களையும் தீமிதித் திருவிழாக்களையும் படம் பிடித்து வருகிறேன். திரைப்படம் எடுத்ததில்லை, ஆனால் அதைப் பார்த்துப் பார்த்து யோசித்திருக்கிறேன். உங்கள் தவறு கோணத்தில் இல்லை. சாவியை இறக்கும் வேளையில் கீழே நிற்பது யார் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது. தெரியாதவர் எதற்காகப் பயப்பட வேண்டும்? அண்ணன் வருகிறான் என்றுதான் அந்த 14 பேரும் நினைத்திருப்பார்கள். நீங்கள் கேமராவை எவ்வளவு சாய்த்திருந்தாலும், அவர்கள் கண்டவை வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவனுடைய கால்களே.

திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக் 1962 இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய நெடிய உரையாடலில் இதைத்தான் விளக்கினார். இருவர் மேசையருகே அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் அது திடீரென்று வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி கிடைக்கும். குண்டு இருப்பதும் அது வெடிக்கும் நேரமும் நமக்கு முன்பே தெரிந்துவிட்டால், அதே சப்பென்ற பேச்சு 15 நிமிடப் பதைபதைப்பாகிவிடும். தமிழில் இதற்கு ஒரு முழுப் படமே இருக்கிறது. எஸ். பாலசந்தரின் ‘பொம்மை’ 1964 இல் வந்தது. குண்டு வைத்த பொம்மை ஒன்று கை மாறிக் கை மாறிப் போவதுதான் கதை. அந்தப் பொம்மையை யார் கையில் எடுத்தாலும் நம் வயிறு கலங்குவதற்குக் காரணம், எடுப்பவருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருப்பதே. அந்த வேளையில் கேமரா நேராக, அமைதியாக, கண் மட்டத்தில் இருந்தாலே போதும்.

ஆகவே உங்கள் படத்தில் மாற்ற வேண்டியது ஒரே ஓர் இடம் என்பேன். தொடக்கத்தில் அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது அவன் மணிக்கட்டில் திருவிழாவுக்குக் கட்டிய மஞ்சள் காப்புக் கயிற்றைக் காட்டுங்கள். தங்கை அதைத் தொட்டுப் பேசட்டும், இல்லையேல் பார்ப்பவர் மனத்தில் அது நிற்காது. இரவில் சாவி இறங்கும்போது, பால்கனியில் அவள் விரல்களிலிருந்து தொடங்கி, வெட்டாமல், சாவியோடு கூடவே கேமரா கீழே இறங்கட்டும். தார்ப்பாயைத் தாண்டியதும் ஒரு கை நீண்டு சாவியைக் கழற்றுகிறது. அந்த மணிக்கட்டில் கயிறு இல்லை.

இதை நான் கற்ற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹிட்ச்காக்கின் 1946 ஆம் ஆண்டுப் படமான ‘நொட்டோரியஸ்’ படத்தில், விருந்து நடக்கும் பெரிய கூடத்தை உயரத்திலிருந்து முழுவதுமாகக் காட்டத் தொடங்கும் கேமரா, ஒரே ஷாட்டில் இறங்கி இறங்கி, கதாநாயகி இங்கிரிட் பெர்க்மன் தம் கைக்குள் மறைத்து வைத்திருக்கும் ஒரு சாவியில் வந்து நிற்கும். அத்தனை பேரும் கலகலப்பாக இருக்கும் அந்த வீட்டின் ஆபத்து முழுவதும் அந்தச் சின்ன இரும்புத் துண்டில் இருக்கிறது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் கேமரா சொல்லிவிடுகிறது.

நான்காம் மாடி, யாங்கோன்

அண்ணா, மிக்க நன்றி. படித்ததும் நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. கையை முன்பே காட்டிவிட்டால், இறுதியில் கம்பிக் கதவுக்கு அப்பால் முகம் தெரியும் இடம் வலுவிழந்துவிடாதா? அந்த ஒன்றுதான் எங்கள் படத்தில் வேலை செய்த இடம். அதை விட்டுக்கொடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஆற்றங்கரை வாசகி

தட்டோன் அண்ணன் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் முழுவதையும் ஏற்க முடியவில்லை. பார்ப்பவருக்கு எல்லாம் தெரிந்திருந்தால்தான் பதைபதைப்பு வரும் என்பது பாதி உண்மை. ஒன்று இருக்கிறது என்று தெரிய வேண்டும், அது இன்னதென்று தெரியாமலும் இருக்க வேண்டும். காட்டுவதைப் போலவே, காட்டாமல் நிறுத்திக்கொள்வதும் கோணத்தின் வேலைதான்.

1960 இல் வந்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்தின் படிக்கட்டுக் காட்சியை நினைத்துப் பாருங்கள். துப்பறிபவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாக மாடி ஏறுகிறார். மேலே ஓர் அறைக்கதவு மெல்லத் திறந்து, கம்பளத்தின் மேல் ஒரு கீற்று வெளிச்சம் விழுகிறது. அவருக்கு அது தெரியாது, நமக்குத் தெரிந்துவிட்டது. இதுவரை தட்டோன் அண்ணன் சொன்ன கணக்குதான். ஆனால் அடுத்த நொடி கேமரா கூரைக்குப் போய், நேர் மேலிருந்து குனிந்து பார்க்கிறது. அறையிலிருந்து ஓர் உருவம் விரைந்து வருகிறது. உச்சந்தலைதான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. முதுகுப்புறமாக எடுத்திருந்தால் முகத்தை வேண்டுமென்றே மறைக்கிறார்கள் என்று பார்ப்பவர் சந்தேகப்பட்டிருப்பார்; அதைத் தவிர்ப்பதற்காகவே அவ்வளவு உயரம் போனதாக ஹிட்ச்காக் சொல்லியிருக்கிறார். இன்னொரு காரணமும் அவர் சொன்னதுதான்: எறும்பு போலச் சிறுத்துத் தெரிந்த மனிதரின் முகம், அடுத்த ஷாட்டிலேயே திரை நிறைய வந்து மோத வேண்டும். உயரத்தின் பயன் உயரத்தில் மட்டும் இல்லை, அதை அடுத்து வரும் க்ளோசப்பில் இருக்கிறது.

மறைப்பதற்கு வேறொரு வழியும் உண்டு. ‘ரோஸ்மேரிஸ் பேபி’, 1968. பக்கத்து வீட்டு அம்மாள் படுக்கையறைக்குள் போய்த் தொலைபேசியில் பேசுகிறார். கேமரா கூடத்திலேயே நின்றுவிடுகிறது. கதவு நிலை பாதி உடம்பை மறைக்கிறது, முகம் தெரியவில்லை. ஒளிப்பதிவாளர் வில்லியம் ஃப்ரேக்கர் முகம் தெரியும்படிதான் ஃபிரேம் வைத்தாராம். இயக்குநர் ரோமன் பொலான்ஸ்கி அதை நகர்த்தி மறைக்கச் சொன்னாராம். திரையரங்கில் அந்தக் காட்சி வந்தபோது, கதவுக்கு அப்பால் எட்டிப் பார்த்துவிடலாம் என்பது போல அத்தனை பேரும் தலையைச் சாய்த்தார்கள் என்று ஃப்ரேக்கர் பின்னாளில் சொன்னார். தரையில் நடப்பட்ட ஒரு கேமரா, பார்ப்பவரின் கழுத்தை அசைத்திருக்கிறது.

தங்கை, உங்கள் ஐயத்துக்கு விடை இதில் இருக்கிறது. கையைக் காட்டுங்கள், முகத்தைக் காட்டாதீர்கள். அண்ணன் இல்லை என்று மட்டும் நமக்குத் தெரியட்டும். வந்திருப்பது பகலில் வந்தவன்தானா, வேறொருவனா என்பது கம்பிக் கதவு வரைக்கும் தெரிய வேண்டாம். உங்கள் வீட்டின் 50 அடி நீளமும் இதற்கென்றே கட்டப்பட்டது போல இருக்கிறது. கேமராவை அடுப்படியில் வைத்து, கூடத்தின் வழியாக மறுகோடியிலுள்ள வாசலைப் பாருங்கள். ஒரு கதவு நிலையோ தொங்கும் துணியோ வாசலில் பாதியை மறைக்கட்டும். அவள் அருகில் பெரிதாக நிற்கட்டும், முதுகு வாசலுக்குத் திரும்பியிருக்கட்டும், அவளுக்குப் பின்னால் ஃபிரேமில் வெற்றிடம் கிடக்கட்டும். அந்த வெற்றிடத்தை நிரப்பும் வேலையைப் பார்ப்பவரே செய்துகொள்வார்.

சாய்ந்த கோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1949 இல் வந்த ‘தி தர்ட் மேன்’ படம் அதற்குப் பேர்போனது. போருக்குப் பிந்தைய வியன்னாவில் எவரையும் நம்ப முடியாத ஒரு மனிதனின் தடுமாற்றம் அந்தச் சாய்வில் இருக்கிறது. உங்கள் கதையில் பிசகு தொடங்குவது சாவி கை மாறிய பிறகுதான். அதற்கு முன்பே சாய்த்துவிட்டால், பிசகு வரும்போது சாய்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

பெகு படத்தொகுப்பாளர்

அக்காவுக்கு வணக்கம். எல்லோரும் ஷாட்டைப் பற்றி எழுதிவிட்டார்கள்; நான் ஷாட்டுகளுக்கு நடுவே நடப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

படிக்கட்டை நாங்கள் முதன்முதலில் எப்போது பார்க்கிறோம்? நீங்கள் எழுதியதிலிருந்து, இரவில் அவன் ஏறும்போதுதான் என்று தெரிகிறது. அப்படியானால் அவன் இரண்டாம் மாடியில் இருக்கிறானா, மூன்றாம் மாடியைத் தாண்டிவிட்டானா என்று பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. தூரம் தெரியாத இடத்தில் நெருங்குவது உறைக்காது. காலையில் அண்ணன் வேலைக்கு இறங்கிப் போவதை நான்கு மாடிக்கும் காட்டுங்கள். அவசரப்படாமல், பகல் வெளிச்சத்தில், சாதாரணக் காட்சியாக. பழைய கட்டடம் என்றால் படி மரத்தால் ஆனதாக இருக்குமே. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் ஒரு படி கிறீச்சிடட்டும். அண்ணன் வழக்கம்போல அதைத் தாண்டிக் குதித்து இறங்கட்டும். இரவில் நீங்கள் அவனைக் காட்டவே வேண்டாம். அடுப்படியில் அவள் அண்ணனுக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் படி கிறீச்சிட்டால், வருபவன் எங்கே இருக்கிறான் என்பது தெரிந்துவிடும். அந்தப் படியைப் பற்றி அறியாதவன் என்பதும் தெரிந்துவிடும்.

‘ஜாஸ்’ படத்துக்காக 1974 இல் கடலில் படப்பிடிப்பு நடந்தபோது இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதால், இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் அதைக் காட்டாமலே பல காட்சிகளை அமைக்க நேர்ந்தது. சுறாவோடு கயிற்றால் பிணைத்துவிட்ட மஞ்சள் பீப்பாய் ஒன்று நீரின் மேல் நகர்ந்தால் போதும், அடியில் சுறா இருக்கிறது என்று நாம் புரிந்துகொள்வோம். உங்கள் பீப்பாய் அந்தப் படி.

அதே படத்தின் கடற்கரைக் காட்சியில் ஒரு நுட்பம் உண்டு. காவல் தலைவர் மணலில் அமர்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். குளிக்க வந்தவர்கள் கேமராவுக்கு முன்னால் குறுக்கே நடக்கிறார்கள். ஒருவர் கடந்து மறைத்து விலகும்போது காவல் தலைவர் இன்னும் கொஞ்சம் நெருக்கமாகத் தெரிகிறார். அடுத்தவர் கடந்ததும் இன்னும் நெருக்கம். வெட்டு கண்ணில் படுவதில்லை, நெருக்கடி மட்டும் ஏறுகிறது. நீங்கள் தொடக்கத்திலேயே க்ளோசப் வைத்துவிட்டால் பிறகு போவதற்கு இடம் இல்லை. முதல் மாடியில் அவன் இருக்கும்போது அவளைத் தூரத்தில் காட்டுங்கள், மூன்றாம் மாடியில் இடுப்பளவு, கதவருகே வந்தபின் கண்கள்.

மாற்றி மாற்றி வெட்டுவதில் எச்சரிக்கையும் தேவை. ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ படத்தில், 1991, காவல் படை ஒரு வீட்டைச் சூழ்ந்து அழைப்பு மணியை அழுத்துகிறது. கொலைகாரனின் நிலவறையில் மணி அடிக்கிறது. இரண்டும் ஒரே வீடு என்று நாம் நம்பிவிடுகிறோம். அவன் கதவைத் திறக்கும்போது அங்கே தனியாக நிற்பவள் கதாநாயகி. படை போனது வேறு வீட்டுக்கு. உங்களிடமும் மணி இருப்பதால் இப்படி ஏமாற்றத் தோன்றும். 11 நிமிடப் படத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே அது பலித்ததற்கு அதற்கு முன் சென்ற ஒன்றரை மணி நேரம் துணை நின்றது.

தட்டோன் ஒளிப்பதிவாளர்

படிக்கட்டைப் பற்றித் தம்பி சொன்னது மிக நல்ல யோசனை. கைப்பேசியைப் பற்றி இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். இருட்டில் கைவிளக்கு ஃபிரேமுக்குள் வந்தவுடன் கைப்பேசி தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். விளக்கு போனவுடன் தானாகவே கூட்டும். திரை இப்படி மூச்சு வாங்கினால் இருட்டின் மீது பார்ப்பவருக்கு நம்பிக்கை போய்விடும். திரையில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்து, ஒளியளவையும் குவியத்தையும் பூட்டிவிட்டுப் படம் பிடியுங்கள். இரண்டாவது, கைப்பேசியின் வழக்கமான லென்ஸ் அகலமானது. அதில் கூடத்தின் கோடியிலிருந்து நடந்து வருபவர் இரண்டே எட்டில் பெரிதாகிவிடுவார். உங்களிடம் உள்ள கைப்பேசியில் தனியாகத் தொலைவு லென்ஸ் இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள். அவர் நடந்துகொண்டே இருப்பார், ஆனால் வந்து சேரமாட்டார். கதவை நோக்கி அவள் நடக்கும்போது தொலைவு லென்ஸும், கதவின் மறுபக்கம் இருப்பவன் அசையும்போது அகல லென்ஸும் பொருந்தும்.

நான்காம் மாடி, யாங்கோன்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு மறுபடி எடுத்து முடித்தோம். இன்று மாலை அதே ஆட்களில் 9 பேரை அழைத்துப் போட்டுக் காட்டினோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சாவி இறங்கும் ஷாட்டுக்கு 12 முறை எடுக்க வேண்டியதாயிற்று. கயிறு முறுக்கிக்கொண்டு சாவி சுழன்றது. காற்று வந்தால் கிளிப் சுவரில் இடித்தது. கைப்பேசியை இன்னொரு கயிற்றில் கட்டி, பக்கத்து வீட்டுப் பால்கனியிலிருந்து சாவிக்கு இணையாக என் நண்பர் இறக்கினார். ஒன்பதாம் முறை கயிறு மிகச் சரியாக இறங்கியது, ஆனால் சாவியை வாங்கியவரின் கையில் காப்புக் கயிறு இருந்தது; அண்ணனாக நடித்தவரே அவசரத்தில் கையை நீட்டிவிட்டார். கடைசியில் தேநீர்க்கடைக்காரர் தாமே முன்வந்து தார்ப்பாயை ஒரு முழம் உள்ளே இழுத்துக் கொடுத்த பிறகுதான் கேமரா தடையில்லாமல் இறங்கியது.

சாய்ந்த ஷாட்டுகளில் 17 ஐ நீக்கிவிட்டேன். கதவருகே வரும் இரண்டு மட்டும் இருக்கின்றன.

திரையிட்டபோது சாவி தார்ப்பாயைத் தாண்டியதும் கூடத்தில் பேச்சு நின்றது. கை நீண்டவுடன் யாரும் எதுவும் சொல்லவில்லை; கயிறு இல்லாத மணிக்கட்டை அவர்கள் கவனிக்கவில்லை என்றே நினைத்துவிட்டேன். அடுத்த ஷாட்டில் அவள் அடுப்படிக்குத் திரும்பித் தட்டை எடுக்கிறாள். அப்போது முன்வரிசையில் இருந்த என் பாட்டி, “சோத்தை வச்சிட்டுக் கதவைப் பூட்டுடி” என்று திரையைப் பார்த்து உரக்கச் சொன்னார். படி கிறீச்சிட்டபோது பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார். கம்பிக் கதவில் முகம் வந்தபோது முன்போல யாரும் துள்ளவில்லை, அது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய நான்கு நிமிடமும் முறுக்குத் தட்டை யாரும் தொடவில்லை.

ஒரு குறை மிஞ்சியிருக்கிறது. அடுப்படியிலிருந்து வாசலைப் பார்க்கும் நீண்ட ஷாட்டைத் தொலைவு லென்ஸில் எடுத்தோம். மெழுகுவத்தி வெளிச்சம் போதாமல் படம் முழுவதும் புள்ளி புள்ளியாக வந்துவிட்டது. அகல லென்ஸில் எடுத்த பிரதியில் புள்ளி இல்லை, ஆனால் வாசல் மிகத் தொலைவில் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிறது. இந்த இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று பெகு தம்பி சொன்னால், நாளைக்குள் படத்தொகுப்பை முடித்து நூலகத்தில் கொடுத்துவிடுவேன்.